ஊதாத விசில்

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் மரக்காணம் உப்பளத்தில் ஆறுமுகம் என்ற தொழிலாளி இடி விழுந்து இறந்தார். அன்று அங்கே மேற்பார்வையாளராக இருந்தவன் நான். மேற்கே இடி முழங்கினால் விசில் ஊதி எல்லோரையும் கொட்டகைக்கு வரச் சொல்வது என் வேலை. நான் ஊதவில்லை. ஊதியதாகப் பிறகு பொய் சொன்னேன். இந்தக் கட்டுரை வேல்ஸ் நாட்டில் ஒரு நாள் மலையேறியதைப் பற்றியது. ஆனால் இதை முதலில் சொல்லாமல் அந்த மலையைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

உப்பளத்தில் மரம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீரும் உப்பும்தான். அந்த வெளியில் நிற்கும் மனிதன்தான் உயரமான பொருள். இது எனக்கு நன்றாகத் தெரியும். நான் ரசாயனம் படித்தவன். அன்று இரண்டு பாத்தி உப்பு வாராமல் கிடந்தது. மறுநாள் காலை லாரி வருவதாக இருந்தது. இரண்டு முறை இடி கேட்டது. இன்னும் கொஞ்சம் வாரட்டும் என்று விட்டேன். தூறல் விழுந்ததும், கூடை சுமந்த பெண்கள் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்ததால் தாமாகவே உள்ளே ஒதுங்கினார்கள். ஆறுமுகம் மட்டும் தூரத்தில், மதகை ஒட்டிய பாத்தியில், பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார். விசில் என் சட்டைப் பையில் இருந்தது.

போலீஸ்காரர் கேட்டபோது, "ஊதினேன், இதோ வர்றேன்னு கையை ஆட்டினான், வரல" என்றேன். கை ஆட்டியது என் சொந்தச் சரக்கு. அது ஒன்றைச் சேர்த்ததும் பொய் நம்பும்படி ஆகிவிட்டது. கொட்டகையில் நின்ற பெண்களிடம் விசாரித்தார்கள். "சார் ஊதியிருப்பாருங்க, காத்துல எங்களுக்குத்தான் கேக்கல" என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஆறுமுகத்தின் மனைவி தனமும் ஒருத்தி.

சொன்ன பேச்சைக் கேட்காமல் செத்தவன் என்று ஊரில் ஆறுமுகத்துக்குப் பெயர் வந்தது. முதலாளி அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அதே வேலையில் இருந்தேன்.

2005 தொடக்கத்தில் என் மகளுக்குப் பிரசவம். வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரத்தில் இருக்கிறாள். துணைக்கு என் மனைவி போனாள், அவளுக்குத் துணையாக நான். அங்கே தமிழர்கள் கூடிப் பொங்கல் வைத்த ஒரு சர்ச் மண்டபத்தில், கையில் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு ஒருவர் என் எதிரில் வந்து நின்றார்.

"சார், நீங்க மரக்காணம் அளத்துல சூப்பர்வைசரா இருந்தீங்கல்ல? என்னைத் தெரியலையா? ஆறுமுகம் பையன் சார், சேகரு."

அப்பா இறந்தபோது அவருக்கு ஆறு வயது. இப்போது கார்டிஃபில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தலையில் முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதிக் குடுத்த லெட்டராலதான் சார் எனக்குத் திண்டிவனம் ஹாஸ்டல்ல எடம் கெடைச்சுது. அம்மா இன்னும் சொல்லும்." அந்தக் கடிதத்தை நான் எழுதியது உண்மை. ஏன் எழுதினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு சேகர் வாரம் ஒருமுறை வந்தார். மீன் வாங்கி வருவார், என் மனைவியோடு ஊர்க் கதை பேசுவார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பிப்ரவரியில் ஒருநாள், "மலைக்கு வர்றீங்களா சார்? லாடம் மாதிரி வளைஞ்சு நாலு உச்சி. காலையில போனா பொழுது சாய்றதுக்குள்ள வந்துடலாம்" என்றார். மகள் சண்டை போட்டாள். "அப்பா, உங்களுக்கு அறுபத்தாறு வயசு. மப்ளர் கட்டிக்கிட்டுப் பார்க்கைச் சுத்தறது வேற, இது வேற." பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு வருஷத்தில் நான்கு முறையாவது ஏறுகிறவன் நான் என்று வாதாடினேன். உண்மையான காரணம், சேகரோடு ஒரு முழுநாள் கிடைக்கும் என்பதுதான்.

காலையில் கார்க் கண்ணாடி முழுக்கப் பனிக்கட்டி. சேகர் ஒரு பழைய ரேஷன் கார்டு அட்டை போன்ற ஒன்றால் அதைச் சுரண்டினார். வழியில் சேகரின் நண்பர் கரெத் ஏறிக்கொண்டார். ஆம்புலன்ஸ் ஓட்டுபவர், ஐம்பது தாண்டியவர், செம்மண் நிற முகம். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி பின்பக்கத்திலிருந்து எதையோ வாரி இறைத்துக்கொண்டு போனது. காரின் அடியில் சடசடவென்று பட்டது.

"உப்பு சார்" என்றார் சேகர். "ரோட்டுல ஐஸ் கட்டாம இருக்கறதுக்கு. அம்மாகிட்ட போன்ல சொன்னேன். ரோட்டுக்கு எதுக்குடா உப்பு, ஊறுகாயா போடறாங்கன்னு கேக்குது."

நான் சிரித்தேன். வெட்டியெடுத்த பாறை உப்பு, செம்பழுப்பு நிறம். எங்கள் ஊரில் அதைக் கருவாட்டுக்குக்கூட வாங்க மாட்டார்கள்.

ஒரு நீர்த்தேக்கத்தின் அருகே காரை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினோம். முதலில் சாதாரண மழை. புல்லும் சகதியுமாகப் பாதை. பெருமுக்கல்லில் அரை மணி ஏறினால் உச்சி வந்துவிடும். கீழே ஏரி தெரியும், கிழக்கே உப்பளம் சலவை காயப்போட்டதுபோல் தெரியும். இங்கே ஒன்றரை மணி ஏறியும் முன்னால் போகிறவரின் முதுகுப்பையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மேலே போகப் போக மழை கெட்டியானது. கன்னத்தில் பட்டால் கல் உப்பை வீசியதுபோல் வலித்தது.

முதல் உச்சியின் பெயர் கார்ன் டீ. அங்கே எதிரே இறங்கி வந்த ஒரு தம்பதி நின்று பேசினார்கள். எந்த ஊர் என்றார்கள். சென்னைக்குத் தெற்கே, கடலோரம் என்றேன். அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. "அந்த அலை வந்த கரையா?" சுனாமி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து மீனவக் குப்பங்களில் பல உயிர்கள் போயின. நான் கடற்கரை ரோட்டுக்கு மேற்கே இருப்பவன். என் வீட்டு வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். துக்கப்பட்டவனாக அதை வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து சின்ன இறக்கம், பிறகு பென் அ வான் என்ற இரண்டாவது உச்சி. அந்தப் பகுதியிலேயே உயரமானது. அந்த இறக்கத்தில்தான் விழுந்தேன். பாதையில் கற்கள் பதித்திருந்தார்கள். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பனி. நடுவில் கற்கள் ஈரத்தில் கறுப்பாக மின்னின. நான் வெள்ளையைத் தவிர்த்துக் கறுப்பில் கால் வைத்தேன். மறு நொடி மல்லாந்து கிடந்தேன். கறுப்பாகத் தெரிந்தது ஈரமே இல்லை, கண்ணாடிபோல் மெல்லிய பனிக்கட்டி.

சேகர் ஓடிவந்து தூக்கினார். மணிக்கட்டை அழுத்திப் பார்த்து, "ஒடையல சார், சுளுக்குதான்" என்று பையிலிருந்து துணிப்பட்டை எடுத்துச் சுற்றினார். "மொதல் தடவ நானும் இதே மாதிரிதான் விழுந்தேன். நம்ம ஊர்க் காலு சார். வெள்ளைய மிதிக்காது."

அவர் சொன்னது சரி. உப்பளத்தில் பழகியவன் பூத்து வரும் உப்பை மிதிக்க மாட்டான். மிதித்தால் உப்பு உடையும், பாதமும் கிழியும். இறுகி மிதிபட்ட கறுப்புத் தரையில்தான் நடப்பான். சேகர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வரப்பில் அப்படி நடக்கச் சொல்லித் தந்தது அவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.

"இங்க வெள்ளையத் தேடித் தேடி மிதிங்க. அதான் புடிமானம்" என்றார். அவர் சொன்னபடி மிதித்து இரண்டாவது உச்சியைத் தொட்டேன். ஒரு கற்குவியல், காற்று, அவ்வளவுதான். நிற்க முடியவில்லை. அந்தப் பக்கம் இறங்கி, மூன்றாவது மலைக்கு முன்னால் இருக்கும் தாழ்வில், ஒரு மண்மேட்டின் மறைவில் உட்கார்ந்தோம்.

என் மனைவி மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கட்டிக் கொடுத்திருந்தாள். குளிரில் இட்லி ரப்பர்போல் ஆகிவிட்டது. சேகரின் புளிசாதம் வில்லை வில்லையாகப் பெயர்ந்தது. கரெத் ஓர் இட்லியைக் கடித்துவிட்டு, கண்ணில் நீரோடு, இது ரொட்டியா மருந்தா என்றார். பிளாஸ்க்கில் இருந்த டீ மட்டும் சூடாக இருந்தது.

கரெத் எழுந்து மூன்றாவது மலையைப் பார்த்தார். க்ரிபின் என்று பெயர். கூரை மாதிரி செங்குத்து. பாதி உயரத்துக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. "இருபது நிமிஷ ஏற்றம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதா? பெரியவரை நடுவில் வைத்துக்கொண்டு போகலாம்."

"வேண்டாம்" என்றார் சேகர். "ஓரமாகப் பக்கவாட்டுப் பாதை இருக்கிறது. அதில் போய்க் கீழே இறங்கிவிடலாம்."

"உன்னை மாதிரிப் பயந்தவனை நான் பார்த்ததில்லை. மேகம் தும்மினாலே வீட்டுக்குப் போகலாம் என்பாய்."

சேகர் கோபப்படவில்லை. ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "என் அப்பாவை இடி வருகிறது, வா என்று கூப்பிட்டார்கள். அவர் கையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அம்மா முப்பது வயது ஆகும் முன்பே தாலியறுத்தாள். கூப்பிட்டால் நான் வந்துவிடுவேன். அவ்வளவுதான்." பிறகு என்னைக் காட்டி, "கூப்பிட்டவர் இவர்தான்" என்றார்.

கரெத் தொப்பியைக் கழற்றி எனக்குத் தலைவணங்கினார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தமிழில் சொன்னேன். "சேகர், உங்கப்பா கையை ஆட்டல. நான் விசில் ஊதவே இல்ல."

"என்ன சார்?"

"ஊதல. பாக்கெட்லயே இருந்துச்சு. லாரி வருது, உப்ப வாரட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இடி விழுந்துடுச்சு. ஊதினேன்னு அப்புறம் சொன்னது பொய். கையை ஆட்டினாருன்னு சொன்னதும் பொய்."

அவர் கையில் இருந்த டீயைக் குடித்து முடித்தார். மூடியை உதறிப் பிளாஸ்க்கில் திருகினார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"என் புள்ளைங்களுக்கு நான் என்ன சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா சார்? தாத்தா மாதிரி இருக்காதீங்கடா. திமிர் புடிச்சவரு. கூப்ட்டா வரமாட்டாரு." எழுந்தார். "அவரு படத்துக்கு நான் கையெடுத்துக் கும்புட்டதில்ல சார்."

பையை அங்கேயே போட்டுவிட்டு க்ரிபின் மலையை நோக்கி நடந்தார். கரெத் ஏதோ கேட்டார், சேகர் நிற்கவில்லை. ஏற்றத்தின் அடியிலிருந்து கைகளால் பிடித்துப் பிடித்து ஏறத் தொடங்கினார்.

கரெத் தன் பையின் வாரில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். ஆறு முறை ஊதி, நிறுத்தி, மீண்டும் ஆறு முறை. மலையில் ஆபத்து என்றால் அவர்கள் ஊதும் முறை அது, கேட்டவர் திரும்பி வர வேண்டும். காற்று எங்களிடமிருந்து மலைப்பக்கம் அடித்தது. கேட்காமல் இருக்க வழியில்லை. மேகம் ஒரு நிமிஷம் விலகியது. பாதி மலையில் சேகர் நின்று திரும்பினார். கையை உயர்த்தி ஆட்டினார். பிறகு மேலே ஏறி மேகத்துக்குள் போனார்.

அன்றைக்கு முப்பத்தொரு வருஷத்துக்கு முன் நான் வாயால் செய்த காட்சி அது. என் கண்ணால் பார்த்தேன்.

"அவனிடம் என்ன சொன்னீர்கள்?" என்றார் கரெத். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் வெறுப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது எரிச்சல். ஆம்புலன்ஸ்காரரின் எரிச்சல்.

"இதை இங்கேதான் சொல்ல வேண்டுமா? பனிக்கட்டி மேல், இந்தக் காற்றில்? கீழே காரில் வைத்துச் சொல்லக் கூடாதா? முப்பது வருஷம் காத்திருந்தவருக்கு மூன்று மணி நேரம் காத்திருக்க முடியவில்லையா?"

அப்பாவை அனுப்பினேன், இப்போது மகனையும் அனுப்பிவிட்டேன் என்று தோன்றியது. சொன்னது அவருக்காக என்று நினைத்திருந்தேன். எனக்குத் தாங்க முடியாததால் சொன்னேன். அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கவில்லை. அன்றும் பார்க்கவில்லை.

கரெத் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஊதினார். ஐம்பது நிமிஷம் கழித்து மேகத்திலிருந்து ஓர் உருவம் இறங்கியது. புருவத்திலும் மீசையிலும் பனி. கால்சட்டை முட்டியில் கிழிந்திருந்தது. கரெத் ஒன்றும் கேட்காமல் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார்.

"விசில் கேட்டுச்சு" என்றார் சேகர், என்னைப் பார்க்காமல்.

பக்கவாட்டுப் பாதையில் இறங்கினோம். நான்காவது உச்சியை விட்டுவிட்டோம். சேகர் முன்னால் நடந்தார். வழுக்கும் இடம் வந்தால் நின்று, முகத்தைத் திருப்பாமலே கையைப் பின்னால் நீட்டுவார். நான் பிடித்துக்கொண்டு கடப்பேன். கடந்ததும் கையை விட்டுவிடுவார். நீர்த்தேக்கம் வரும்வரை அப்படிப் பதினைந்து இருபது முறை அந்தக் கையைப் பிடித்திருப்பேன்.

மகள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது ஒன்றே ஒன்று சொன்னார். "அம்மாகிட்ட நீங்களே நேர்ல போயி சொல்லுங்க சார். நான் போன்ல சொல்ல மாட்டேன்." அதன்பின் அந்த வீட்டுக்கு அவர் வரவில்லை. மீன்காரத் தம்பி ஏன் வரவில்லை என்று என் மனைவி கேட்டாள். அவளிடமும் அன்றுதான் சொன்னேன். ஊர் திரும்பும்வரை அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

ஏப்ரலில் மரக்காணம் திரும்பினேன். மறுநாள் காலை தனம் வீட்டுக்குப் போனேன். திண்டிவனம் ரோட்டில் சேகர் கட்டிக் கொடுத்த மாடி வீடு. மொட்டைமாடியில் புளி உலர்த்திக்கொண்டிருந்தவர் இறங்கி வந்தார்.

"வாங்க சார். புள்ள எப்படி இருக்கறான்? எளைச்சிட்டானா? ஒரு மாசமா சரியாவே பேச மாட்டறான்."

உட்காராமல் சொன்னேன். மலையில் சொன்ன அதே வார்த்தைகள். அவர் கையில் ஒட்டியிருந்த புளியை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஊதவே இல்லையா?"

"இல்லம்மா."

"அப்போ என் காது நல்லாதான் இருந்திருக்குது."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "கொட்டாயிலதான நின்னேன் நானு. எனக்குக் கேட்டிருந்தா ஓடிப் போயி இழுத்தாந்திருப்பேன்ல. பாவி, எனக்குக் கேக்கலியேன்னு... பாண்டி பெரியாஸ்பத்திரியில ரெண்டு தடவ காதைக் காட்டினேன் சார். நல்லாத்தான் இருக்குதுன்னாங்க. பொய் சொல்றாங்கன்னு நெனைச்சேன்." காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "போங்க சார். இன்னிக்குப் போங்க."

நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா மரியாதையாகப் படித்தார். "முதலாளி இல்ல, விசாரிச்ச ஆபீசர் இல்ல, ஃபைலும் இல்ல. இத எதுல சார் சேக்கறது?" என்று திருப்பித் தந்தார். உப்பளத்துக்குப் போய், வேலை தொடங்கும் முன் கூடியிருந்தவர்களிடம் வாய்விட்டுச் சொன்னேன். ஆறுமுகம் பேச்சைக் கேட்காதவர் அல்ல, யாரும் அவரை அழைக்கவேயில்லை என்று. பாதிப் பேருக்கு ஆறுமுகம் யாரென்றே தெரியவில்லை. "அது சரி பெருசு, இப்ப இருக்கறவன் ஊதுவானா மாட்டானா, அதச் சொல்லிட்டுப் போ" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். இப்போதைய மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை.

சேகருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

இந்த ஆண்டு, 2006 ஆகஸ்டில், அவர் ஊருக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள் போன். "நாளைக்குக் காலையில அளத்துக்கு வாங்க சார். எடத்தைக் காட்டுங்க."

போனேன். தனம் குடையோடு வரப்பில் நின்றிருந்தார். பாத்திகளை மாற்றி வெட்டிவிட்டார்கள், ஆனால் பழைய மதகு இருக்கிறது. அதன் பக்கத்தில் ஆறுமுகம் நின்ற இடத்தைக் காட்டினேன். கொட்டகை இருந்த இடத்தையும் காட்டினேன். அங்கே இப்போது அடித்தளக் கல் மட்டும்தான்.

சேகர் ஷூவைக் கழற்றினார். பேண்டை மடித்துவிட்டுக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மதகிலிருந்து கொட்டகைக் கல்வரை வரப்பின் மேல் சாதாரணமாக நடந்தார். கல்லைத் தொட்டதும் கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"ரெண்டரை நிமிஷம். நடந்தே" என்றார். பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நீங்க எவ்ளோ நேரம் சார் ஊதாம இருந்தீங்க?"

இதை யாரும் இதுவரை கேட்டதில்லை. ஒப்புக்கொண்ட இடங்களிலும் நானாகச் சொன்னதில்லை.

"கால் மணி நேரம்" என்றேன். "மேலயும் இருக்கலாம்."

அவர் அம்மாவிடம் போய் அதைச் சொன்னார். தனம் மதகைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். கோபமில்லாமல், கூடை எண்ணுகிறவர்போல் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார்.

"மூணு தடவ போயிட்டுத் திரும்பி வந்திருப்பாரே" என்றார்.